சட்டையில் ஆரத்திக் கறை

அப்பா,

இன்று அலமாரியை ஒதுக்கும்போது உங்கள் வெள்ளைச் சட்டை கைக்கு வந்தது. ஆரத்தித் தண்ணீர் சிந்திய இடம் அப்படியே தெரிகிறது. துவைத்ததில் சிவப்பு போய் மஞ்சள் மட்டும் நின்றிருக்கிறது. நீங்கள்தான் இல்லை.

அந்த வார்டுத் தேர்தலில் பாளையங்கோட்டைத் தெருக்களில் ஜீப்பில் நின்று பேசுவீர்கள். "கொழுந்து பறிச்ச கை வளத்த பிள்ள நான்." கைதட்டுவார்கள். பொய்யில்லை, உங்கள் அம்மா மலைத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்தான். உங்கள் அப்பா அங்கே கங்காணி, கொழுந்து பறிப்பவர்களை மேய்த்து வேலை வாங்கியவர் என்பதை மட்டும் எந்த முக்கிலும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டேன். "அதச் சொன்னா எவம்ளா ஓட்டுப் போடுவான்?" என்றீர்கள்.

மலையை விட்டு இறங்கி வந்தவர்களின் குடியிருப்புக்குள் வண்டி திரும்பியதுமே மைக்கைக் கட்சிக்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள். பெண்கள் தட்டுகளோடு நின்றார்கள். முன்னால் பேச்சியம்மாள், எஸ்டேட்டில் பறித்துப் பறித்தே வயதானவள். நீங்கள் இறங்கி நின்றீர்கள். தட்டை உயர்த்தியவள் சுற்றவில்லை.

"அம்மா யாருன்னு ஊரெல்லாம் சொல்லுதீய. அப்பா யாருன்னும் சொல்லுங்க. பொறவு சுத்துதேன்."

வெற்றிலைமேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, ஏறுங்க, போயிருவோம்," என்று கட்சிக்காரர் உங்கள் முழங்கையை இழுத்தார். நீங்கள் மைக்கைக் கேட்டு வாங்கினீர்கள்.

"எங்கப்பா கங்காணி. நனைஞ்ச இலைன்னு எடையில கழிச்சு உங்க கூலியக் கொறச்சவரு. அந்த வீட்டுச் சோறுதான் நானும் தின்னேன்."

யாரும் கைதட்டவில்லை. "இப்பத்தான் நெனப்பு வந்துச்சாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேச்சியம்மாள் தட்டைச் சுற்றினாள். சுற்றிய வேகத்தில் உங்கள் மேல் சிந்தியது.

"ஆரத்தி வாசலுக்கு வந்தவருக்கு. ஓட்டு யோசிச்சுத்தான்."

தோற்றீர்கள். கட்சிக்காரர் அந்தத் தெருவைத் திட்டினார். நீங்கள் திட்டவில்லை. "மொத நாளே சொல்லியிருக்கணும்" என்றதோடு சரி.

நேற்று அதே கட்சிக்காரர் வந்தார். வார்டு இம்முறை பெண்களுக்காம். நான் நிற்க வேண்டுமாம். "கொழுந்து பறிச்சவ பேத்தின்னு போட்டுருவோம்மா. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்." நாளை பதில் கேட்டு வருவார். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். நிற்பேனா என்று இன்னும் தெரியவில்லை, அப்பா. நின்றால், எந்தத் தெருவானாலும் தாத்தாவை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

சட்டையை மடித்து என் துணிகளோடு வைத்திருக்கிறேன்.