செடித்தொட்டிக்குப் பின்னால்

ஜூன் 3, திங்கள்

இன்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். லேபில் என் மேஜை முழுக்கச் சிறுநீர்ப் புட்டிகள். பாதிக்கு மேல் முதல் தடவை வந்தவர்களுடையவை. முதல் தடவை அடித்துப்பிடித்துக்கொண்டு வருகிறார்கள், அப்புறம் தலைகாட்டுவதில்லை. எங்கேதான் போகிறார்கள்?

விழிப்புணர்வு இல்லை என்கிறார் டாக்டரம்மா. வெயில் என்கிறார் வாட்ச்மேன். வாட்ச்மேனுக்கு எல்லாவற்றுக்கும் வெயில்தான். என் தம்பி மனைவியும் இதில் சேர்த்தி. ஆறு மாதம் முடியப்போகிறது, ஒரே தடவைதான் வந்தாள். போன முறை ரத்த அழுத்தம் ஏறியது தெரியாமல் ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளுக்கா விழிப்புணர்வு இல்லை?

ஜூன் 5

தம்பி வீட்டுக்குப் போனேன். தையல் கம்பெனியில் லீவு தர மாட்டேன் என்கிறார்களாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

மதியம் கம்பெனிக்கே போய்விட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. சூப்பர்வைசர் தங்கமான மனிதர், நரைத்த மீசை. "நான் எப்பம்மா வேணாம்னு சொன்னேன்? அந்தப் பொண்ணு கேக்கவே இல்லையே" என்றார்.

அப்படியானால் என்னிடம் ஏன் பொய் சொன்னாள்? கோபம் வரவில்லை. என்னவாக இருக்கும் என்று மண்டை குடைகிறது.

ஜூன் 17, திங்கள்

பெஞ்சில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். பஸ் கிடைக்காது, மூத்ததைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், மாமியாருக்கு இஷ்டமில்லை. எல்லாம் நிஜமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று பாக்கி நிற்கிறது. ஒருத்தி மட்டும் என் கையிலிருந்த புட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 18

பின்பக்க நடைபாதையில் இருக்கும் செடித்தொட்டிக்குப் பின்னால் நம் புட்டிகள் கிடப்பதாகத் துப்புரவு அக்கா சொன்னார். எல்லாம் காலி. வாரா வாரம் கிடக்குமாம். செடி மட்டும் நன்றாகத் தழைத்திருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

உள்ளே எங்கள் கழிப்பறையில் குழாய் உடைந்துவிட்டது. வெளியே, கட்டடத்துக்குப் பின்னால், நோயாளிகளுக்கானதற்குப் போனேன். அங்கிருந்து லேபுக்கு வர ஒரே வழி, செடித்தொட்டியைத் தாண்டி மருந்து கொடுக்கும் கூடம். திங்கட்கிழமை சர்க்கரை மாத்திரை நாள். வரிசை முழுக்க ஆண்கள். வேலை வெட்டியில்லாமல் நிற்கிறவர்களுக்குப் போகிற வருகிறவர்களைப் பார்ப்பதுதானே வேலை? வெறுங்கையோடு வந்த நானே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கையில் புட்டி இருந்திருந்தால்?

"வணக்கம்மா" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். அதே நரைத்த மீசை.

சாயங்காலமே தம்பி வீட்டுக்கு ஓடினேன். நான் மருந்து வரிசை என்று ஆரம்பித்ததுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத கையில வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி எப்படிக்கா நடக்கறது? மறுநாள் அவர் எதிர்லதானே உக்காந்து தைக்கணும்?"

அவள் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. பயமாக இருக்கிறது. நாளைக்கே வா என்று எவ்வளவோ கெஞ்சினேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறாள்.

ஜூன் 25

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நமக்குத்தான் கழிப்பறை உள்ளேயே இருக்கே, எப்படித் தெரியும்?" என்றார்.

லேபின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் அந்தக் கழிப்பறை வாசல். ஆனால் ஜன்னலை மறைத்து ஓர் இரும்பு பீரோ. உள்ளே உடைந்த எடை மெஷின்கள். துப்புரவு அக்காவும் நானும் வாட்ச்மேனும் சேர்ந்து தள்ளினோம். வாட்ச்மேன் தள்ளியதைவிட முனகியதுதான் அதிகம். துருப்பிடித்த ஜன்னல் ஒருவழியாகத் திறந்தது. இனிமேல் புட்டியை அங்கேயே நீட்டிவிடலாம், கூடத்துப் பக்கமே வர வேண்டாம். தம்பி மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஜூலை 1, திங்கள்

ஜன்னலில் கைகள் மட்டும் தெரிகின்றன. பத்து மணி வாக்கில் ஒரு கை நீண்டது. கட்டைவிரலில் தையல் ஊசி ஏறிய தழும்பு. வந்துவிட்டாள்.

சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட இல்லை. சோதனைத் தாள் கரும்பச்சையாக மாறியது. புரதம், கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளம். இன்னொரு தாள் போட்டேன். அதுவும் அப்படியே. டாக்டரம்மா அழுத்தம் பார்த்தார், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது.

ஜூலை 2

அழுத்தம் இறங்கவில்லை. தம்பி போனில் அழுதான். நானும்தான்.

ஜூலை 6

இறங்குகிறது. பிரசவம் வரை அங்கேயே இருக்க வேண்டுமாம். இருக்கட்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

பின்பக்கம் ஒரே கூட்டம் என்று வாட்ச்மேன் புலம்புகிறார். வெயில் அப்படியேதான் அடிக்கிறது, அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வருகிறவர்களின் புட்டிகளே இப்போது மேஜையில் பாதி. இன்னும் வராதவர்களுக்குப் பஸ், மாமியார் என்று என்னென்ன காரணமோ, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மதியம் ஜன்னலில் ஒரு கை நீண்டது. நிமிராமலே புட்டியை வாங்கக் கையை நீட்டினேன். புட்டி இல்லை. தழும்பு விழுந்த கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இன்னொரு குட்டிக் கை இருந்தது.

என் விரலைக் கொடுத்தேன். குட்டிப் பெண் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.