பாஸ்போர்ட்டுக்குப் போட்ட தையல்

ஜூன் 3
மாடி

கீழே பைண்டிங் கடையில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன், அதனால்தான் காகிதம். சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்திருக்கிறேன். படியேறி வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று விசா அலுவலகத்தில் அந்தப் பெண் உங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை யாருங்க தைச்சது?" என்று கேட்டாள். நீங்களோ பரிசு வாங்க வந்தவர் மாதிரி, "நான்தாம்மா. அட்டை விட்டுப்போச்சு. பிரிச்சுப் புதுசா தைச்சிட்டேன், இனி அசையாது" என்கிறீர்கள். பிரித்துத் தைத்தது செல்லாதாம். புதிது வர இரண்டு மூன்று மாதம் ஆகுமாம்.

கடல் தாண்டி இருக்கும் நம் மகள் பாப்பாவுக்கு இது ஏழாம் மாதம். படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை. குழந்தை பிறந்த பிறகுதான் இறங்க முடியும். நாம் இருவரும் போவதாகத்தானே பேச்சு? பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினால்கூட வழி கேட்பது உங்கள் வேலை. இப்போது நான் ஒருத்தியாக இரண்டு இடத்தில் விமானம் மாறி, பாஷை தெரியாத நாட்டில் ஐந்து மாதம் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் லீவு எழுதிக் கொடுத்தபோது முதலாளி கேட்டார், "சார் வரலையா?" "சாருக்கு ஊசி நூல் வேலை வந்துடுச்சு" என்றேன்.

அடங்காத கோபத்துடன்,
உங்கள் மனைவி


ஜூன் 5
கடை

மேலிடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று நாளாகச் சர்க்கரை இல்லாத டீயும் கிடைக்கிறது. கை சும்மா இருக்கவில்லை, தைத்துவிட்டேன். அதற்காகத் தலையையா எடுப்பார்கள்?

உனக்காக ஒரு சின்ன நோட்டு தைத்திருக்கிறேன், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்து. முதல் பக்கத்தில் பாப்பா வீட்டு முகவரியும் போன் நம்பரும். பிறகு ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு பக்கம். கடைசியில், எதிர்வீட்டு டீச்சரிடம் கேட்டு அந்த ஊர் மொழியில் எழுதிய வாக்கியங்கள்: 'கழிப்பறை எங்கே?', 'மெதுவாகப் பேசுங்கள்', 'நான் தொலைந்துவிட்டேன்'. இதை யாரிடமாவது காட்டினால் போதும், வாயே திறக்க வேண்டாம்.

உன் பெரிய பெட்டியைக் காகிதம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். நாலு கிலோ அதிகம். எதை எடுப்பது என்று நீயே வந்து பார்.

சர்க்கரைக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 12
மாடி

கடைக்காரருக்கு,

விசா வந்துவிட்டது. இருபதாம் தேதி விமானம். நாலு கிலோவையும் குறைத்துவிட்டேன். அது உங்கள் குளிர்ச்சட்டையும் ஷூவும்தான்.

நேற்று பெட்டியை எடுக்கக் கடைக்கு வந்தேனே, நீங்கள் பசை காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். நான் பேசாமல் நின்றதைக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். நான் சுவரில் இருக்கும் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். 'பாஸ்போர்ட், அரசுப் பத்திரங்கள் பைண்டிங் செய்யப்பட மாட்டாது. தைத்தால் செல்லாது.' நீங்களே எழுதி மாட்டியது. பன்னிரண்டு வருஷமாகத் தொங்குகிறது. போன வருஷம் ஒரு லாரி டிரைவர் எவ்வளவு கெஞ்சினார்? "உன் நல்லதுக்குத்தான்பா சொல்றேன்" என்று திருப்பி அனுப்பினீர்கள்.

என் பாஸ்போர்ட்டிலும் அட்டை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நீங்கள் தொடவே இல்லை.

பத்து நாளாக உங்களை முட்டாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

மனைவி


ஜூன் 13
கடை

உனக்கு,

ஆமாம், தெரிந்துதான் தைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பாப்பா வந்து நின்றபோது, கடையில் அத்தனை பேர் முன்னால், "எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொன்னவன் நான். அவள் அழவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டுவது? வரமாட்டேன் என்று நான் சொன்னால் நீ விடமாட்டாய். ஆபீஸ்காரர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? உன்னைத் தனியாக அனுப்ப வேண்டிவரும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவளிடம் பாஸ்போர்ட் கிழிந்துவிட்டது என்று மட்டும் சொல். அப்பா விசாரித்தார் என்றும் சொல்.

நான்


ஜூன் 20, காலை
மாடி

உங்களுக்கு,

சொல்ல மாட்டேன்.

மூன்று வருஷமாக அவளுக்கு நான் போட்ட ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், 'உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா' என்று உங்கள் எழுத்தைப் போலவே எழுதி அனுப்பினேன். பழைய பில் புத்தகத்தை வைத்துப் பழகினேன். நீங்கள் ஒரு நாளாவது, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதுண்டா? உங்கள் வீம்புக்கு நான் கள்ளக் கையெழுத்துப் போட்டதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இனி அந்த வேலை கிடையாது. அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டால், உன்னைப் பார்க்கப் பயந்து பாஸ்போர்ட்டைத் தைத்துக்கொண்டார் என்று சொல்வேன். எனக்கும் பயம்தான். எஸ்கலேட்டரில் கால் வைக்கவே நடுங்குகிறவள் நான். ஆனாலும் போகிறேன். உங்கள் நோட்டு கழுத்தில் இருக்கிறது, வழி தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும்.

புதிய பாஸ்போர்ட்டுக்கான படிவம் மேஜையில் இருக்கிறது. நான் ஒரு எழுத்தும் நிரப்பவில்லை. டாக்ஸி வந்துவிட்டது. பெட்டி தூக்க வர வேண்டாம்.

போய் வருகிறேன்,
மனைவி


ஜூலை 9
கடை

என் வீட்டுக்காரிக்கு,

நீ போய்ச் சேர்ந்ததை எதிர்வீட்டு டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் போன் செய்யவில்லை. சரி, எனக்கு அது வேண்டியதுதான்.

படிவத்தில் 'சேதமடைந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'வேண்டுமென்றே நானே தைத்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "கவனக்குறைவுன்னு மாத்தி எழுதுங்க சார். இப்படிக் குடுத்தா விசாரணை வைப்பாங்க." "வைக்கட்டும் தம்பி" என்றேன். நாள் குறித்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் கிடைக்காமலும் போகலாம்.

இதையெல்லாம் அவளுக்கும் எழுதியிருக்கிறேன். உள்ளே இருக்கும் கவர் அவளுக்கு. நீ பிரிக்காதே.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 24
பாப்பாவின் வீடு

உங்களுக்கு,

கவரைக் கொடுத்தேன். படுத்தபடியே அதன் மேல் இருந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதையும் நீதான் எழுதினியாம்மா?" என்று கேட்டாள்.

மூன்று வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல" என்கிறாள். நீங்கள் எதிரில் இல்லாமல் தப்பித்தீர்கள்.

"இல்லடி, இது அவரேதான்" என்றேன். பிரித்தாள். ஒரு பக்கம்தான் இருந்தது, அரை மணி நேரம் படித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உங்களை வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கோபமும் அப்படியேதான் இருக்கிறது.

சாயங்காலம் பால் கொண்டுபோனபோது, திரும்பாமலே, "விசாரணை என்னிக்காம்?" என்றாள்.

நீங்கள் தேதியை எழுதவில்லை. உடனே எழுதுங்கள்.

மனைவி