அப்பா பார்த்து வைத்த வள்ளம்

முத்தையன்கட்டு
ஞாயிறு

அன்புள்ள மகள் யது,

நோர்வேயில் இப்போதாவது நல்ல வெயில் கண்டிருப்பீர்கள், நீயும் நிருஷனும் நிலானியும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் உடம்பளவில் சுகம். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார், நான் சொல்லவேண்டியது அவர் பக்கத்தில் இருந்து கேட்கிற விஷயமில்லை. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுதும் வாசித்த பிறகு அவருக்குக் கோல் எடு, பாதியில் எடுக்காதே.

வருகிற மாதம் பிள்ளை நிலானியோடு வரும்போது எல்லோரும் ஒருநாள் வள்ளத்தில் போனால் நல்லது என்று நீ சும்மா ஒரு சொல் சொன்னாய். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். வயலுக்குப் போகிற மனிதர் இப்போது கடற்கரைக்குப் போகிறார். முல்லைத்தீவில் சங்கிலி என்பவரிடம் ஒரு பைபர் வள்ளம் பார்த்து, வெள்ளிக்கிழமை எடுப்பதென்று சொல்லிவிட்டார். நீளமானது, ஒடுங்கலானது, எஞ்சினைப் போட்டால் பறக்கும். அந்தப் பறப்புத்தான் அவருக்குப் பிடித்தது. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, உனக்கும் அப்படியே. டென்மார்க் போன கப்பலில் பிள்ளையை நிருஷனிடம் கொடுத்துவிட்டு நீ கழிவறைத் தரையில் கிடந்த கதையை நீதான் சொன்னாய். இந்த முறை நிருஷனுக்கு லீவு இல்லை, நீ தனியே பிள்ளையைக் கொண்டு வருகிறாய். இதை அப்பாவிடம் சொன்னால், உமக்கு எல்லாத்திலையும் ஒரு சந்தேகம், சாமியையும் சோதிச்சுப் பாத்துத்தான் கும்பிடுவீர் என்கிறார்.

சோதிக்காமல் எடுக்கக்கூடாது என்று நான் நின்றதால் அவர் ஒரு சோதனை வைத்தார். எங்கே தெரியுமா, எங்கள் குளத்தில். உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டுகிற பெட்டியில் வள்ளத்தை ஏற்றி, அவ்வளவு தூரம் கொண்டுவந்து குளத்தில் இறக்கினார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போது மெசின் பெட்டிக்குள் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு வயது போனவர்களை இருத்திக்கொண்டு போவோமே, அதேபோல வள்ளத்துக்குள்ளும் கதிரைகளை வரிசையாகப் போட்டார். காலைக் குளம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். ஒருவருக்கும் தலை சுற்றவில்லை. பாத்தீரே, இப்ப என்ன சொல்லுறீர் என்றார். குளம் வேறு கடல் வேறு என்றேன். அப்ப கடலுக்கை தண்ணி இல்லாமல் வேறை என்ன கிடக்குது என்று அவர் கேட்க, சங்கிலி சிரித்தார். விற்கிறவர் சிரிக்காமல் என்ன செய்வார்.

பிறகும் நான் விடாததால் நேற்றுக் கடலில் இறக்கினார்கள். அப்பா, நான், உன் மச்சாள் சுகந்தினி, அவளுடைய மூன்று வயது மகள், எஞ்சின் பிடிக்கச் சங்கிலி. வெளிக்கிடவே பிந்திவிட்டது, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியிருந்தது. ஓடும்போது பரவாயில்லை. கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சினை நிற்பாட்டச் சொன்னேன், ஏனென்றால் நீங்கள் வந்தால் படம் எடுக்க நிற்பாட்டத்தான் போகிறீர்கள். நின்றதும் வள்ளம் இரண்டு பக்கமும் உருளத் தொடங்கியது. கதிரைகள் இருந்த ஆட்களோடு சேர்ந்து வழுக்கின. பெற்றோல் மணம் வேறு. சுகந்தினிக்கு முகம் வெளிறிக் குமட்டிச் சத்தி வந்தது, பிள்ளையை மடியில் வைத்தபடியே வெளியே குனிந்தாள், பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. பிள்ளை தாய் என்ன பார்க்கிறாள் என்று தானும் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சரிந்தது. எனக்கும் கண் இருட்டிக்கொண்டுதான் வந்தது. நீட்டிய கைக்குச் சட்டையின் பின்பக்கம் அகப்பட்டது, அதை விடவில்லை, அவ்வளவுதான். அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. சங்கிலி பின்னால் எஞ்சினோடு நின்றார், அவருக்கு எட்டியிராது. அப்பா முன்னால் இருந்தார், திரும்பவேயில்லை. ஏன் திரும்பவில்லை என்று கரைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. வள்ளத்துக்கு மறைவில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், வெயில் தலைக்கு ஏறீட்டுது என்றார். பிள்ளை சரிந்ததைச் சொன்னேன். அதுதான் பிடிச்சிட்டீரே, பிறகென்ன என்று கேட்டார். அதற்குப் பிறகு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற கதை மட்டும்தான்.

வள்ளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாயாற்றில் நாஸிம் என்ற வியாபாரியிடம் அகலமான, அடி தட்டையான வள்ளம் ஒன்று நிற்கிறது, இருக்கைப் பலகைகள் தாழ்வாக அடித்திருக்கிறது, மெதுவாகத்தான் போகும். அங்கே கடலோடு சேர்ந்த களப்புக்குள் விடியக் காற்றில்லாத நேரம் கரையோரமாகப் போய் வர அது போதும். இடுப்பளவு தண்ணீர்தான் என்று கேள்வி, அதையும் நானே போய்ப் பார்ப்பேன். அப்பா அதை மாட்டுத்தொட்டி என்கிறார், உந்தத் தொட்டிக்கை வைச்சு என்ர பேத்தியைக் குளிப்பாட்டவோ என்று சுகந்தினிக்கும் சொல்லிச் சிரிக்கிறார். சத்திக் குளிசை போடுகிறேன் என்று நீ சொல்லாதே, அதைப் போட்டால் உனக்கு நித்திரை வரும், நித்திரைக் கையும் தளர்ந்த கைதான். பிள்ளையின் அளவுக்கு மிதவைச் சட்டை அங்கே வாங்கி, போட்டுப் பார்த்துக் கொண்டுவா, இங்கே பெரியவர்களின் அளவுதான் கிடைக்கிறது.

இன்று காலை அப்பாவுக்குச் சொல்லாமல் பஸ் ஏறிச் சங்கிலியிடம் போனேன். மகள் கதைக்கும் வரைக்கும் வள்ளத்தைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டேன். ரீச்சர், உங்கடை வீட்டுச் சண்டைக்கை என்னை இழுக்காதேங்கோ, ஆனால் வெள்ளி வரைக்கும் பொறுக்கிறன் என்றார். தெரியவந்தால் அப்பா கோபிப்பார், கோபிக்கட்டும். அவருக்கு ஆசை உன் பிள்ளையில்தான், அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் சொன்னால் பயம் என்பார், நீ சொன்னால் யோசிப்பார்.

உங்கள் மூவரையும் அம்மாள் காக்கட்டும், நிலானி கண்ணூறு படாமல் வந்து சேரட்டும். வெள்ளிக்கு முன் அப்பாவோடு கதை. அந்த வள்ளம் வேண்டாம் என்று தொடங்காதே, சண்டைதான் வரும். ஒரே ஒரு கேள்வி கேள். நானும் நீங்களும் அம்மாவும் மூன்று பேரும் குனிந்து சத்தி எடுக்கிற நேரம் பிள்ளையை யார் பிடிப்பது என்று கேள். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும் வரைக்கும் நீ ஒன்றும் கதையாதே.

அன்புடன்,
அம்மா