சட்டைக்குள் நுழையாத புத்தகம்

என் உயிருக்கு உயிரான முனிராஜ் அண்ணா,

உன்னைப் பற்றி நான் எழுதிய நாவல் அச்சாகி வந்துவிட்டது. சந்தோஷப்படாதே. படிக்க வேண்டியவர்களில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

பதிப்பாளர் என்னை மெட்ராசுக்கு வரவழைத்து மேஜையில் இரண்டு மாதிரிகளை வைத்தார். ஒன்று சாதா அட்டை, இன்னொன்று துணி ஒட்டிய கெட்டி அட்டை. "லைப்ரரிக்குப் போகணும்னா கெட்டி அட்டைதான் தம்பி. சாதா அட்டை நாலு கை மாறினா நார் நாராக் கிழிஞ்சிடும்" என்றார். நாலு கை மாறத்தானே அண்ணா நான் எழுதினேன்? ஆனாலும், முதுகில் தங்க எழுத்தில் என் பெயர் வரும் என்று அவர் சொன்னதும் பல்லைக் காட்டிவிட்டேன்.

நீ பவுண்டரியில் இரும்பு உருக்கிக்கொண்டிருந்த காலம் எனக்கு மறந்தா போயிற்று? புதுப் புத்தகம் வாங்கியதும் ஹாக்ஸா பிளேடால் நாலு கட்டாக அறுப்பாய். ஆளுக்கொரு கட்டு. சட்டைக்குள் செருகிக்கொண்டால் கேட்டில் செக்யூரிட்டிக்குத் தெரியாது. ஷிப்ட் மாறும்போது கட்டும் கை மாறும். ஒருமுறை கடைசிக் கட்டு நரசிம்மப்பாவிடம் முதலில் சிக்கி, "அந்தப் பொண்ணு செத்துப்பூடுதுடா!" என்று அவன் கேன்டீனில் கத்த, நீ சாம்பார்க் கரண்டியோடு அவனைத் துரத்தினாய்.

அதே நரசிம்மப்பா போன வாரம் என் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். "செங்கல்லு மாதிரி கீதுப்பா. இத எங்க சொருவறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அண்ணி அதை உன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைத்துவிட்டார். "கை பட்டா அழுக்காயிடும் தம்பி" என்கிறார்.

இன்னும் கேள். நம் கம்பெனி பர்சனல் ஆபீசர் ஒரு பிரதி வாங்கினார். உன் நெஞ்சில் பவுண்டரி மணல் தூசு அடைத்துக் கிடந்தபோது, பீடி குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று ஃபைலில் எழுதினாரே, அவரேதான். இப்போது ரிசப்ஷனில் கண்ணாடி அலமாரிக்குள், பரிசுக் கோப்பைகளுக்கு நடுவில் புத்தகமாக நிற்கிறாய். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம தொழிலாளி எழுதினது" என்று காட்டுகிறார். ஒருநாளாவது பிரித்துப் பார்த்தாரா? பார்த்திருந்தால் என்னை இன்னும் வேலையில் வைத்திருப்பாரா?

நேற்று என் பிரதியை எடுத்து, உன் பழைய பிளேடால் அட்டையை அறுத்தேன். லேசில் விடவில்லை, உள்ளங்கை கிழிந்தது. கிழியட்டும். தையலைப் பிரித்து நாலு கட்டாக்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு மூக்கண்டப்பள்ளியிலிருந்து கிளம்பும்போது நாலும் சட்டைக்குள் இருக்கும். கண்ணாடி அலமாரிக்காரர்கள் அட்டையை வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். கடைசிக் கட்டில்தான் நீ சாகிறாய். அதை நரசிம்மப்பா கண்ணில் காட்டமாட்டேன். முதல் மூன்று கட்டும் பவுண்டரி முழுக்கக் கை மாறி முடியும்வரை அது என்னிடமே இருக்கும்.

அதுவரைக்குமாவது உயிரோடு இரு அண்ணா.

உன் சட்டையையே போட்டுத் திரியும் தம்பி,
திம்மராஜ்