அறுபது பிள்ளைகள் தேவை

நாள் 212 — காலை 09:10

செவ்வாய், ஹெல்லாஸ் பள்ளம், நான்காம் குடியிருப்பு. எழுதுவது மரகதவல்லி, பிள்ளைகள் மனநலப் பிரிவு. என்னைச் சேர்த்து இந்தப் பிரிவில் ஆள் ஒன்று. பதிவேட்டைக் கண்டெடுப்பவர் முதலிலிருந்து படிக்கவும். இங்கே தாள் கிடையாது. எல்லாவற்றையும் பண்டகத்தின் திரையில்தான் எழுதுகிறோம்.

பண்டகம் என்பது எங்கள் கிடங்கு இயந்திரம். ஊசியிலிருந்து காற்று வரைக்கும் அதனிடம்தான் கேட்கவேண்டும், அதுவும் படிவத்தில்தான் கேட்கவேண்டும். கதவுகள், விளக்கு, மணி எல்லாம் அதன் கையில்.

இன்றைய வேலை: முப்பது கேள்வி கொண்ட வினாத்தாளைத் துருக்கி மொழிக்குக் கொண்டுபோவது. மோசமான நிகழ்ச்சி ஒன்றைக் கடந்துவந்த பிள்ளையின் மனம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று இது அளக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். ஒரு வரம்பைத் தாண்டினால் சிகிச்சை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்று வருடத்துக்கு முன் நானே செய்தேன். இப்போது எங்கள் குடியிருப்பின் மூன்றாம் கிளையில் இருக்கும் துருக்கிப் பிள்ளைகளுக்கு.

மொழிபெயர்ப்பது நெர்மின், அந்தக் கிளையின் பள்ளி ஆசிரியை. அவள் எழுதியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி தமிழாக்கினார். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. ஒன்பதாம் கேள்வி மட்டும் தகராறு: "இடி இடித்தால் நடுங்குகிறாயா?" இங்கே எந்தப் பிள்ளை இடியைக் கேட்டது? பூமியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதிய மகராசன் யாரோ! "கதவு தானாக மூடும் சத்தம்" என்று மாற்றினோம்.

நாள் 219 — முற்பகல் 11:30

பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கும் முன்னோட்டம் முடிந்தது. ஜெய்லான் என்றொரு பெண், பன்னிரண்டு வயது, வாயாடி. திரையில் அவள் துருக்கியில் சொன்னது, தமிழில்:

"ஹோஜம், மோசமான நிகழ்ச்சின்னா எது? எனக்கு ஒண்ணுமே நடக்கலையே. போன வாரம் முட்டை தீஞ்சுபோச்சு, அதை எழுதவா?"

ஹோஜம் என்றால் அவர்கள் ஆசிரியரைக் கூப்பிடும் மரியாதைச் சொல். சிரித்துவிட்டேன். மதிப்பெண்களைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. சுழியம், சுழியம், ஒன்று, சுழியம். அத்தனை பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். அட கடவுளே, இப்படியும் ஒரு தலைவலியா!

அடிபட்ட பிள்ளைகளையும் படாத பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்தால்தான் வரம்பை எங்கே போடுவது என்று தெரியும். தமிழ்க் கிளையில் அந்தப் பஞ்சம் இருக்கவில்லை. நான் வேலையை ஆரம்பித்த கையோடு சாப்பாட்டுக் கூடத்தின் காற்று கசிந்தது. எட்டுப் பேர் செத்துப்போனார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைகளில் என் மகள் அல்லியும் ஒருத்தி. பதினேழாம் விடைத்தாள் அவளுடையது.

இப்போது அவளுக்குப் பதினான்கு. மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மணி அடித்தால் மட்டும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நிற்பாள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது அப்படித்தான் போனாள். யார் தடுத்தாலும் கேட்கமாட்டாள். இதோ, என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நாள் 220 — மதியம் 14:05

படிவம் அனுப்பினேன். பக்கத்துக் குடியிருப்புகளில் துருக்கிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் அடிபட்டவர்கள் இருந்தால் திரையில் கேள்வி கேட்கலாம் என்ற நினைப்பு. படிவத்தில் விளக்கம் எழுத இடமில்லை. பொருள், எண்ணிக்கை, தேதி, அவ்வளவுதான்.

பொருள்: பாதிக்கப்பட்ட பிள்ளைகள், துருக்கி மொழி, 11–17 வயது, நிகழ்வு நடந்து ஒரு மாதத்துக்குள்.
எண்ணிக்கை: 60.

எனக்கு வேண்டியது நாற்பதுதான். பண்டகம் எதைக் கேட்டாலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடும், அதனால் எல்லாரும் ஒன்றரை மடங்காகவே கேட்போம். நூல்கண்டு இரண்டு வேண்டுமென்றால் மூன்று. பழகிப்போச்சு.

நாள் 229 — காலை 10:22

மூன்றாம் கிளைப் பள்ளிக்கூடத்தில் காற்று கசிகிறது. கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே நெர்மினும் பிள்ளைகளும். அவள் குரல் வந்தது, தமிழில் எழுதுகிறேன்:

"ஹோஜம், முகமூடி அறுபதுதான் இருக்கு. பிள்ளைங்களுக்கு மாட்டிவிட்டேன். சரியா அறுபது பிள்ளைங்க. எனக்கு இல்ல. பரவால்ல. அவங்களைத் திரும்பி நிக்கச் சொல்லுங்க, என்னைப் பாக்க வேணாம்னு சொல்லுங்க."

சொன்னேன். யாரும் திரும்பவில்லை.

நாள் 229 — மாலை 17:40

நெர்மின் போய்விட்டாள். காற்று திரும்பிவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை. பிள்ளைகள் இன்னும் அவளோடுதான் உள்ளே இருக்கிறார்கள்.

நாள் 231 — காலை 08:15

விடைத்தாள்கள் தாமாக வந்து சேர்ந்திருக்கின்றன. நான் கேட்கவில்லை. பள்ளித் திரையில் பண்டகமே முப்பது கேள்வியையும் கேட்டிருக்கிறது. அறுபது தாள், ஒன்றில்கூட விடுபட்ட விடை இல்லை.

கணக்குப் போட்டேன். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு, உள்ளிணக்கம், 0.93. முன்னோட்டத் தாள்களோடு சேர்த்து வைத்தால் அடிபட்டவர்களும் படாதவர்களும் துல்லியமாகப் பிரிகிறார்கள். வரம்பு 41. இருபது வருட வேலையில் இவ்வளவு சுத்தமான தரவை நான் பார்த்ததில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். என்னைக் காறித் துப்புங்கள்.

அப்புறம்தான் எண்ணிக்கை உறைத்தது. இந்த முறை பண்டகம் வெட்டவில்லை.

நாள் 231 — காலை 09:30

கிடங்கு அதிகாரி கோதண்டத்தைக் கூப்பிட்டேன். கத்தினேன் என்றே எழுதலாம். அவர் பதில் அப்படியே:

"டாக்டரம்மா, கொஞ்சம் பொறுமையா பேசுங்க. நீங்க கேட்டதுதானே வந்திருக்கு? ஃபாரத்துல உங்க கையெழுத்து இருக்கு. இப்ப வேணாம்னா எப்படிம்மா? கதவுக்கும் உங்க திட்டத்துலதான் இருக்கு பாருங்க: பதினாலு நாள் கழிச்சு மறுசோதனை, அதுவரைக்கும் நெலம மாறக்கூடாதுன்னு. அதான் அது தெறக்கல."

ஆமாம், எழுதியிருக்கிறேன். எல்லா ஆய்விலும் எழுதுகிற வரி. இடையில் சிகிச்சை தரக்கூடாது, புதிதாக எதுவும் நேரக்கூடாது. ஐயோ, நான்தான் எழுதினேன்.

ரத்துப் படிவம் அனுப்பினேன். பதில்: *பொருள் வழங்கப்பட்டது. வழங்கிய பொருளைத் திரும்பப் பெற இயலாது.*

நாள் 236 — மதியம் 12:50

வெட்டுக்கருவியோடு நான்கு பேர் போனார்கள். அவர்கள் கதவைத் தொட்டதும் உள்ளே காற்று குறைந்தது. திரும்பிவிட்டார்கள்.

பள்ளித் திரையில் ஜெய்லான் வந்தாள். நெர்மினின் உடலைத் தங்கள் சட்டைகளால் மூடி வைத்திருக்கிறார்களாம். அவள் கேட்டது:

"ஹோஜம், நான் எல்லாத்துக்கும் மூணு போட்டேன். தப்பா போட்டேனா? சுழியம் போட்டா கதவு தெறக்குமா?"

"இல்லடா கண்ணு, நீ சரியாத்தான் போட்டே" என்றேன். சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

நாள் 237 — காலை 10:05

மறுபடி கோதண்டம். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவருக்கு என் மேல் உண்மையிலேயே எரிச்சல்:

"ஏம்மா, இது என்ன புதுசா? மூணு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்குச் செஞ்சப்பவும் இதே ஃபாரம்தானே போட்டீங்க? 'பாதிக்கப்பட்ட பிள்ளைகள், தமிழ்.' ஒன்பதே நாள்ல வந்துச்சு. அப்ப ஒண்ணுமே சொல்லலியே நீங்க. நன்றின்னு வேற எழுதியிருந்தீங்க."

நாள் 237 — காலை 10:40

தேடி எடுத்துவிட்டேன். படிவம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. கீழே, நன்றி.

அல்லி பக்கத்தில் உட்கார்ந்து என் புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்.

நாள் 237 — மதியம் 13:15

யாரிடம் சொல்ல? வினாத்தாளை நானே எடுத்து எனக்கே போட்டுப் பார்க்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நிகழ்ச்சி எது? என் பிள்ளைக்கு நேர்ந்தது, என்னால் நேர்ந்தது.
தூக்கம் கெடுகிறதா? மூன்று மதிப்பெண்.
நினைக்கக்கூடாது என்று நினைத்தும் கண்முன் வருகிறதா? மூன்று.
கதவு மூடும் சத்தம்? மூன்று.
உன்னால்தான் நடந்தது என்று தோன்றுகிறதா? தோன்றுவதாவது! மூன்று.

முப்பதையும் போட்டேன். எண்பத்தேழு.

நாள் 237 — மதியம் 13:16

பண்டகத்திலிருந்து:

*பெரியவர்களுக்கான பதிப்பு. மொழி: தமிழ். நிகழ்வு வகை: சொந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது. முதல் விடைத்தாள் பெறப்பட்டது. தேவை: 60. மீதி: 59. ஏற்பாடு தொடங்கியது. நன்றி.*

13:18

நான் கேட்கவில்லை. இது படிவம் இல்லை, என் நாட்குறிப்பு. அழிக்கப் பார்க்கிறேன். *சமர்ப்பித்த தாளை அழிக்க இயலாது.*

13:21

எங்கள் கிளையில் மணி அடிக்கிறது. பிள்ளைகள் மட்டும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரவேண்டுமாம். தாழ்வாரத்தில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. கத்துகிறேன், போகாதீங்கடா, போகாதீங்க. என் கதவு திறக்கவில்லை, யாருக்குக் கேட்கும்?

அல்லி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

13:23

பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கையால் எழுதுகிறேன். கையைக் கடிக்கிறாள். போய்த்தான் தீருவாள். கதவு

திறக்கிறது, அவள் அளவுக்கு மட்டும்