மீன் வேண்டாம் என்றதற்குக் காரணம்

என் செல்ல அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு ராயப்பேட்டை வீட்டில் நானும் நைனாவும்தான். உன் வீட்டுக்காரருக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது.

என் தைராய்டை எடுத்துவிட்டார்கள் அம்மா. புற்றுநோய்தான். "இருக்கிறதிலேயே நல்ல கேன்சர்" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. டீ காத்திருக்க வேண்டும். மாத்திரையின் அளவு இன்னும் சரியாக அமையவில்லை. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். குரல்நாண்களில் ஒன்று அசையவில்லை. குரல் திரும்ப வரலாம் என்கிறார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை. செய்தி சேகரிக்க யாருக்காவது ஃபோன் செய்தால், "லைன் சரியில்ல மேடம்" என்று வைத்துவிடுகிறார்கள். குரல் இல்லாத நிருபரை யார் வைத்துக்கொள்வார்கள்?

நைனாவிடம் சின்னக் கட்டி என்றுதான் சொல்லியிருந்தேன். கேன்சர் என்று அவர் காதில் விழும்படி சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பிறகு கத்துவதற்குக் குரலே இல்லை.

கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன்னால் கடல் மீன் கூடாது. அது தெரியாமல் நைனா ஊரூர் குப்பம் வரை போய் எனக்காகச் சங்கரா மீன் வாங்கி வந்தார். தட்டைத் தள்ளிவிட்டேன். சிகிச்சை முடிந்து வந்த பிறகு, உடம்பில் கதிர்வீச்சு அடங்கும்வரை தனி அறை, தனித் தட்டு. அவர் அருகில் வந்தபோதெல்லாம் கையைக் காட்டித் தள்ளிப் போகச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கெடு முடிந்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் எம்மேல கோவமா கீறியா?" என்றார்.

"எதுக்கு நைனா?"

அவருக்குக் கேட்கவில்லை. "உங்கம்மா பொடவைங்கள உன்ன கேக்காம தூக்கிக் குடுத்துட்டேன். அதுக்குன்னு மீனகூட தொட மாட்டியா? தப்புதான், வுடும்மா."

அவர் காதில் வாயை வைத்தேன். "கேன்சர் நைனா. அதான் மீன் துன்னல, கிட்ட வரல. தொண்டையும் போச்சு."

என் கழுத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கோவம் இல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அட கய்தே, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று திட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

புடவை விஷயத்தில் எனக்குக் கோபம் இருந்தது அம்மா. உன்னிடம் என்ன மறைப்பு? ஆனால் அதை வைத்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை. இப்படித் தீர்ந்துபோவதற்கும் மன்னிப்பு என்றுதான் பெயரா?

அடுத்த ஸ்கேனில் என்ன வந்தாலும், முதலில் அவர் காதோரம் போய்த்தான் சொல்வேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

களைத்திருக்கும்
உன் மூத்த மகள்