தேசிய கீதத்துக்கு எழும்பாத பெடியள்

1991 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

கிளப் தலைவர் என்றாலும் என் வேலை வலை கட்டுவதும் பந்துக்குக் காற்றடிப்பதும்தான். இன்று லண்டன் கிங்ஸ்பரியில் இலங்கையர் கரப்பந்து இறுதிப்போட்டி. இலங்கைத் தேசிய கீதம் போட்டதும் எங்கள் தமிழ்ப் பெடியள் எழும்பாமல் புல்லிலேயே இருந்துவிட்டார்கள்.

"எழுப்புங்கோ அண்ணை, இல்லாட்டி உங்கட டீமைப் போட்டியில இருந்து விலத்திப்போடுவம்" என்றார் போட்டிச் செயலாளர்.

அந்த நாட்டில் வீடு எரிக்கப்பட்டு ஓடிவந்த பெடியளிடம் எப்படிச் சொல்வேன்? நானும் அவர்கள் பக்கத்தில் புல்லில் குந்திவிட்டேன்.

"இப்ப என்னை எழுப்பவே நாலு பேர் வேணும், தம்பி."

அவர் சிரிக்கவில்லை. எதிரணிச் சிங்களக் கப்டன்தான் ஓடிவந்து, இவர்களை விலத்தினால் தாங்களும் விளையாடமாட்டோம் என்றான். கடவுளே, அந்தப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும்.

எங்கள் கிளப் கமிட்டி என்னை என்ன செய்யுமோ, தெரியாது. செயலாளர் இறங்கிவந்தார்; விளையாடித் தோற்றோம். அந்தக் கப்டன் கோப்பை வாங்கும்போது எங்கள் பெடியள் எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள்.